தண்ணீரில் சீறிய டொனால்ட் கேம்ப்பெல்

தண்ணீரில் மணிக்கு 300 மைல் வேகத்தைத் தாண்ட ஆசைப்பட்டவர் இவர். 1921-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா மால்கம் கேம்ப்பெல்லும் வேகச் சாதனையாளர்தான். 1955-ல் 'புளூபேர்டு' ஜெட் படகில் 202 மைல் வேகம்! 1964-ல் தரை, நீர் இரண்டிலும் உலக சாதனை! ஒரே வருஷத்துல இதை வேற யாரும் செய்யலை.

1967 ஜனவரி 4, கோனிஸ்டன் ஏரி. போக ஒரு ஓட்டம், வர ஒரு ஓட்டம். இரண்டின் சராசரிதான் கணக்கு. போகும்போது 297 மைல். படகு கிளப்பிய அலை அடங்கணும். அவரோ காத்திருக்காம உடனே திரும்பினார். 300-ஐத் தாண்டிய படகின் முன்பக்கம் மேலே தூக்கியது. அடியில காத்து புகுந்து, படகு குட்டிக்கரணம் அடிச்சு மூழ்கியது. அவர் உடல் 2001-ல்தான் கிடைத்தது.

கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா? யோசிங்க!