எறும்பின் தரவரிசையும் மனிதரின் தரவரிசையும்

பணத்தாளில் மன்னர்களும் தலைவர்களும் இடம்பெறுவது வழக்கம். 1978இல் சுவிட்சர்லாந்து வெளியிட்ட ஆயிரம் ஃபிராங்க் தாளிலோ ஒருபுறம் ஆகஸ்ட் ஃபோரெலின் முகமும் மறுபுறம் எறும்புகளும் இருந்தன. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மல்லாட்டைக் கொல்லைகளில் ஊரும் கட்டெறும்பின் வரலாற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு.

1848இல் ஜெனீவா ஏரிக்கரையில் பிறந்த ஃபோரெல் சிறுவயதிலேயே எறும்புகளில் மனம் தோய்ந்தவர். மருத்துவம் பயின்று, 1874இல் சுவிட்சர்லாந்தின் எறும்புகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1879 முதல் 1898 வரை சூரிக் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையின் இயக்குநராக இருந்தார். நரம்பு மண்டலம் தனித்தனி உயிரணுக்களால் ஆனது என்னும் கருத்தை முன்வைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

இந்தியாவில் பணியாற்றிய ராட்டன் என்னும் வன அதிகாரி முதலியோர் அனுப்பிய எறும்புகளை ஆராய்ந்து, 1892 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடர்ந்து எழுதினார். சிற்றினம், அதற்குள் துணைச் சிற்றினம், அதற்குள்ளும் வகை என்று அடுக்கடுக்காகப் பெயரிடுவது அவர் முறை.

தரங்கம்பாடியில் கிடைத்த கட்டெறும்புக்கு ஃபேப்ரிசியஸ் 1787இலேயே காம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ் என இன்று வழங்கும் பெயரின் மூலத்தைத் தந்திருந்தார். ஃபோரெல் காலத்து நூல்களில் அது ஆப்பிரிக்க மாகுலேட்டஸ் எறும்பின் ஒரு கிளையாகவே எழுதப்பட்டது. 1903இல் பிங்காம் எழுதிய இந்திய எறும்பு நூல் அதனைத் தனிச் சிற்றினமாகக் கொண்டது. ஃபோரெலின் துணைச் சிற்றினங்கள் வேறு பலவும் இவ்வாறே உயர்த்தப்பட்டன. இது வெறும் பெயர் விளையாட்டு அன்று. கிளையாகக் கருதப்படும் உயிர் தனியே எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாதது குறைந்தாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை.

ஃபோரெல் மதுவை எதிர்த்தார். பெண்களின் உரிமைக்குக் குரல் கொடுத்தார். 1912இல் பக்கவாதம் வலக்கையை முடக்கியபோது இடக்கையால் எழுதப் பழகினார். 1931இல் மறைந்தார். ஆயினும் மனிதரையும் உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரித்த இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் பரப்பினார். தம் பொறுப்பிலிருந்த நோயாளிகள் சிலருக்குக் கருத்தடை அறுவை நடக்கவும் காரணமானார்.

எறும்பைத் தவறான இடத்தில் வைத்ததைப் பின்வந்தோர் ஒரு நூலில் திருத்திவிட்டனர். அந்த நோயாளிகளுக்கு நேர்ந்ததைத் திருத்த எந்த நூலாலும் இயலவில்லை. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் வழக்கம் இன்னும் ஒழியாத நம் மண்ணில், ஃபோரெலின் வாழ்வை இரு பக்கமும் சேர்த்தே படிக்க வேண்டும்.