துப்பறியும் சுவாமியாரைத் தந்த செஸ்டர்டன்

சென்ற கோடை விடுமுறையில் எங்களுக்கு ஒரு நோய் பிடித்தது. காய்ச்சலும் அன்று, இருமலும் அன்று. துப்பறியும் படம் பார்க்கும் நோய்! பத்தாம் வகுப்புக்குப் போகப் போகும் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் கொலைகாரனைத் தேடிக் கொண்டிருக்கிறார்களே என்று எங்கள் அன்னையர் தலையில் அடித்துக் கொண்டனர். ஷெர்லாக் ஹோம்ஸாக ஜெரமி பிரெட் நடித்த தொடரையும், மீசையை முறுக்கும் புவாரோவாக டேவிட் சூஷே நடித்த தொடரையும் ஒன்றுவிடாமல் பார்த்தோம். குற்றவாளி யார் என்று தோழியர் நால்வரும் பந்தயம் கட்டுவோம். தோற்றவள் மற்றவர்களுக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தர வேண்டும்.

அப்போதுதான் எங்கள் திரையில் ஒரு சுவாமியார் வந்தார். குட்டையான, உருண்டையான உருவம். கையில் ஒரு பழைய குடை. துப்பாக்கி இல்லை, பூதக்கண்ணாடி இல்லை. ஆனால் காவல்துறையினர் திகைத்து நிற்கும் இடத்தில் அவர் மெல்ல உண்மையைச் சொல்லிவிடுவார். அவர்தாம் ஃபாதர் பிரௌன். குருவானவர் ஒருவரைத் துப்பறிவாளராக்கிய அந்த எழுத்தாளர் யார் என்று தேடப் புறப்பட்டோம். அப்படி நாங்கள் கண்டுகொண்ட ஜி. கே. செஸ்டர்டன் அவர்களின் வாழ்வையே இங்கே தோழியரோடு பகிர்ந்து கொள்கிறோம்.

கில்பர்ட் கீத் செஸ்டர்டன் 1874-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் இலண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தை எட்வர்ட் வீடு, மனை விற்பனைத் தொழில் நடத்தியவர். ஆனால் வீட்டிலோ அவர் ஒரு கலைஞர். அட்டையை வெட்டி, வண்ணம் தீட்டி, மகனுக்காக ஒரு பொம்மை நாடக மேடை செய்து கொடுத்தார். அந்த மேடையில் பொற்சாவியோடு பாலத்தின்மேல் நடந்து வரும் இளைஞனின் காட்சியே தம் வாழ்வின் முதல் நினைவு என்று செஸ்டர்டன் முதுமையில் எழுதி வைத்தார். திரையில் கதை பார்த்து மகிழும் நமக்கும், அட்டை மேடையில் கதை பார்த்து மகிழ்ந்த அந்தக் குழந்தைக்கும் என்ன வேறுபாடு?

செயின்ட் பால்ஸ் பள்ளியில் அவர் சுறுசுறுப்பான மாணவர் அல்லர். வகுப்பில் கனவு காண்பார். பாடப் புத்தகத்தின் ஓரங்களில் படம் வரைவார். ஆசிரியர்கள் அவரை மந்த புத்திக்காரர் என்றே எண்ணினார்கள். ஆனால் நண்பர்களோடு சேர்ந்து அவர் நடத்திய விவாதக் கழகத்தில் அவரை வெல்ல ஆள் இல்லை. 1892-ஆம் ஆண்டு பள்ளியின் கவிதைப் பரிசு அவருக்குக் கிடைத்தபோது எல்லாரும் வியந்தனர். அந்தக் கவிதையின் தலைவர் யார் தெரியுமா? நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542-ஆம் ஆண்டில் வந்திறங்கி, பரதவ மக்களிடையே மணி அடித்துக் குழந்தைகளைக் கூட்டி வேதம் போதித்த புனித சவேரியார்! கத்தோலிக்கர் அல்லாத ஓர் ஆங்கிலப் பையன் நம் சவேரியாரைப் பாடிப் பரிசு பெற்றான் என்பதை அறிந்தபோது எங்களுக்கு மெய் சிலிர்த்தது.

பின்னர் ஸ்லேடு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அந்த நாள்களில் அவர் மனத்தில் ஓர் இருள் சூழ்ந்தது. உலகில் எதுவும் உண்மைதானா, நன்மை என்று ஒன்று உண்டா என்றெல்லாம் ஐயுற்று வருந்தினார். எவ்வளவு கொடிய தீமையையும் தம்மால் கற்பனை செய்ய முடிகிறதே என்று தம்மைக் கண்டே அஞ்சினார். பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு, பதிப்பகங்களில் பணிபுரிந்து, பத்திரிகை எழுத்தாளரானார். எதற்கும் நன்றி சொல்லப் பழகியதே தம்மை இருளிலிருந்து மீட்டது என்று பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்.

1901-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் பிரான்சஸ் பிளாக் என்னும் நங்கையை மணந்தார். திருமணம் முடிந்து புறப்பட்டவர் வழியில் இறங்கி ஒரு குவளை பால் குடித்தார். அடுத்து ஒரு கடையில் கைத்துப்பாக்கி வாங்கினார்! சிறுவயதில் தாயாரோடு போய்ப் பால் குடித்த கடை அது என்பதால் பால். மனைவியைக் கொள்ளையரிடமிருந்து காக்க வேண்டும் என்பதால் துப்பாக்கி. கதையிலே வாழ்ந்த மனிதர் அல்லவா!

ஆறடி நாலு அங்குல உயரம், பெருத்த உடல், தோளில் போர்வை, கையில் கத்தி மறைத்த ஊன்றுகோல். இதுவே செஸ்டர்டனின் தோற்றம். மறதியோ அவரினும் பெரியது. சொற்பொழிவுக்குப் போன இடத்தில், தாம் மார்க்கெட் ஹார்பரோ என்னும் ஊரில் இருப்பதாகவும், எங்கே இருக்க வேண்டும் என்றும் மனைவிக்குத் தந்தி அடித்தாராம். அந்த அம்மையார் வீட்டுக்கு வரும்படி ஒரே சொல்லில் பதில் தந்தி கொடுத்தாராம். வரவழைத்து மறுபடி சரியான ஊருக்கு அனுப்புவதே சுலபம் என்பது அவர் கணக்கு.

மறதிக்காரராயினும் உழைப்பில் அவருக்கு இணை இல்லை. 1905 முதல் இறக்கும் வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், ஒரே வார இதழில் கட்டுரை எழுதினார். 1909 செப்டம்பரில் அவ்விதழில் இந்திய விடுதலை விரும்பிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலேய முறைகளையே நகல் எடுத்துக் கேட்டால் அது எப்படி இந்தியத் தன்மை உடையதாகும் என்று அதில் கேட்டிருந்தார். அப்போது இலண்டனில் இருந்த காந்தியடிகள் அதைப் படித்து, தம் பத்திரிகை வாசகர்களும் சிந்திக்கும்படி எடுத்து எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் கப்பலில் திரும்பும்போதுதான் ‘இந்து சுவராஜ்யம்’ என்னும் நூலை அடிகள் எழுதினார்.

இனி ஃபாதர் பிரௌன் பிறந்த கதைக்கு வருவோம். யார்க்ஷயர் பகுதியில் உள்ள கீத்லி என்னும் ஊருக்குச் சொற்பொழிவாற்றச் சென்றபோது ஜான் ஓ'கானர் என்னும் குருவானவரைச் சந்தித்தார். இருவரும் மேட்டு நிலத்தின் வழியே நடந்து கொண்டே பேசினர். செஸ்டர்டன் எழுத எண்ணியிருந்த ஒரு செய்தி பற்றிப் பேச்சு வந்தபோது, உலகில் நடக்கும் சில கொடுமைகளை அந்தக் குரு எடுத்துரைத்தார். கேட்டவர் திடுக்கிட்டார். இத்தனை தீமையையும் இந்தச் சாந்தமான மனிதர் எப்படி அறிந்தார்?

அவர்கள் தங்கிய வீட்டில் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் இருந்தனர். குருவானவர் அறையை விட்டு வெளியேறியதும், மடத்துக்குள்ளே வாழும் இவர்களுக்கு உலகத்துத் தீமை என்ன தெரியும் என்று அவர்கள் பேசிக் கொண்டனர். செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் குரு அறிந்ததன் முன் இவர்கள் இருவரும் பால்மணம் மாறாப் பிள்ளைகள் அல்லவா? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து ஆண்டுக்கணக்காக மனிதரின் குற்றங்களைக் கேட்பவருக்கா உலகம் தெரியாது? ஒன்றும் அறியாதவர் போல் தோன்றி எல்லாம் அறிந்த ஒரு குருவைத் துப்பறிய விட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

1910-ஆம் ஆண்டில் முதல் கதையான ‘நீலச் சிலுவை’ வெளிவந்தது. நீலக்கற்கள் பதித்த வெள்ளிச் சிலுவையைப் பழுப்புத் தாள் பொட்டலமாகக் கட்டி எடுத்து வருகிறார் ஃபாதர் பிரௌன். அதைத் திருட ஃபிளாம்போ என்னும் பெருந்திருடன் குருவானவர் வேடத்தில் கூடவே வருகிறான். போகிற வழியெல்லாம் சர்க்கரையும் உப்பும் இடம் மாறுகின்றன, சுவரில் சூப்பு தெறிக்கிறது, சன்னல் உடைகிறது. காவல்துறை தம்மைப் பின்தொடர்ந்து வரட்டும் என்று சுவாமியாரே செய்த குறும்புகள் அவை! அவன் வேடதாரி என்று எப்படி உறுதியாகத் தெரிந்தது? அவன் பகுத்தறிவை இகழ்ந்து பேசினான். உண்மையான வேதசாத்திரம் பகுத்தறிவை இகழாது. பின்னால் வரும் கதைகளில் அந்தத் திருடனே மனம் திரும்பித் துப்பறிவாளனாகிறான். பிடித்துக் கொடுப்பதைவிடத் திருத்துவதே ஃபாதர் பிரௌனின் நோக்கம்.

1911 முதல் 1935 வரை ஐந்து தொகுதிகளாக இக்கதைகள் வெளிவந்தன. இடையில் செஸ்டர்டன் பட்ட துன்பங்களும் பல. 1914-ஆம் ஆண்டின் இறுதியில் நோயுற்று வீழ்ந்து பல வாரங்கள் நினைவின்றிக் கிடந்தார். 1915-இல் உயிர்ப்புத் திருநாளை ஒட்டியே தேறினார். 1918-இல் போர்ச்சேவைக்குப் போன அருமைத் தம்பி செசில் பிரான்சில் மருத்துவமனையில் இறந்தார். 1922 ஜூலை 30-ஆம் நாள், பீக்கன்ஸ்ஃபீல்டு என்னும் தம் ஊரில், கோயில் இல்லாமையால் திருப்பலிக்கு வாடகைக்கு எடுத்திருந்த ஓட்டல் கூடத்தில், தகரக் கூரையின் கீழ், செஸ்டர்டன் கத்தோலிக்கரானார். அவரைச் சபையில் சேர்த்தவர் வேறு யாருமல்லர். ஃபாதர் பிரௌனுக்கு மூலமான அதே ஓ'கானர் அடிகளார்தாம்! தம் பாவங்களினின்று விடுபடவே சேர்ந்ததாக அவர் காரணம் கூறினார். நான்கு ஆண்டுகள் கழித்துப் பிரான்சஸ் அம்மையாரும் அவ்வழியே வந்தார்.

1930-இல் இலண்டனில் துப்பறியும் எழுத்தாளர் கழகம் அமைந்தபோது, அகதா கிறிஸ்டி போன்றோர் உறுப்பினராயிருந்த அக்கழகத்தின் முதல் தலைவர் ஆனவர் இவரே. வாசகரிடம் முக்கியமான தடயத்தை மறைக்க மாட்டோம் என்று உறுப்பினர்கள் சத்தியம் செய்தனர். 1936 ஜூன் 14-ஆம் நாள், 62-ஆம் வயதில், செஸ்டர்டன் இறைவனடி சேர்ந்தார்.

குறையே இல்லாதவரா அவர்? அப்படிச் சொல்வது உண்மையாகாது. யூத மக்களைப் பற்றி அவர் எழுதிய சில பகுதிகள் படிப்போர் மனத்தைப் புண்படுத்துபவை. இட்லர் யூதரைக் கொடுமைப்படுத்தியதை அவர் கண்டித்தார் என்பதும் உண்மையே. ஆயினும் அவருக்குப் புனிதர் பட்டப் பணியைத் தொடங்குவதில்லை என்று 2019-இல் நார்தாம்டன் ஆயர் அறிவித்தபோது, கூறிய காரணங்களுள் அந்த எழுத்துகளும் ஒன்று. தடயத்தை மறைக்கக் கூடாது என்று கற்பித்தவரின் வரலாற்றில் நாங்களும் இதை மறைக்க விரும்பவில்லை.

இனித் திரைக்கு வருவோம். 1934-இலேயே அமெரிக்காவில் ஃபாதர் பிரௌன் படமானார். 1954-இல் அலெக் கின்னஸ் நடித்த படமே எங்களுக்கு மிகவும் பிடித்தது. அதன் படப்பிடிப்பு பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் நடந்தது. ஒரு மாலை கின்னஸ் அங்கி களையாமலே நடந்து வந்தபோது, முன்பின் அறியாத ஒரு சிறுவன் ஓடி வந்து அவர் கையைப் பற்றிக் கொண்டு, தந்தையே என்றழைத்துப் பேசியபடியே நடந்தானாம். அங்கியை நம்பி ஒரு குழந்தை இவ்வளவு அச்சமின்றி வருகிறதே என்று அவர் சிந்திக்கத் தொடங்கினார். போலியோ நோயுற்ற மகனுக்காகக் கோயிலில் மன்றாடவும் செய்தார். மகன் நலம் பெற்றான். 1956-இல் கின்னஸ் கத்தோலிக்கரானார். கதையில் திருடன் குருவேடம் போட்டு மாட்டிக் கொண்டான். வாழ்விலோ நடிகர் குருவேடம் போட்டு மனம் மாறினார்!

1974-இல் கென்னத் மோர் 13 பகுதிகளில் நடித்தார். 2013 முதல் மார்க் வில்லியம்ஸ் நடிக்கும் தொடரில், மூலக்கதைகளில் ஊர் ஊராகச் சுற்றும் சுவாமியாரை 1950-களின் ஒரே கிராமத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். இதில் எங்களுக்குச் சற்றே மனவருத்தம். ஆனால் அதிலிருந்து 2022-இல் கிளைத்த தொடரில் துப்பறிபவர் ஒரு கன்னிகாஸ்திரி! சிஸ்டர் போனிஃபேஸ் என்னும் அவர் விஞ்ஞானமும் படித்தவர், மோட்டார் வண்டியும் ஓட்டுவார். இதைக் கேட்ட எங்கள் சிஸ்டர்மார் விழுந்து விழுந்து சிரித்தனர்.

முடிப்பதற்கு முன், எங்கள் துப்பறியும் திறனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். திருவருகைக் காலத்தில் ஏழைக் குழந்தைகளுக்கென்று வகுப்பில் சேர்த்த 340 ரூபாய் காணாமற் போயிற்று. இடைவேளையில் வகுப்பறையில் தனித்திருந்தவள் ஒருத்தியே. ஹோம்ஸ் போல் தலையை ஆட்டி, அவள்தான் என்று முடிவு கட்டினோம். நான்கு நாள்கள் மதிய உணவின்போது அவளருகில் எவரும் அமரவில்லை. ஐந்தாம் நாள் பணம் கிடைத்தது. எங்களில் ஒருத்தியே பத்திரமாக இருக்கட்டும் என்று நோட்டின் பழுப்புத் தாள் உறைக்குள் செருகி மறந்திருக்கிறாள்! காலில் சுளுக்கு என்பதாலேயே அந்தத் தோழி அன்று வெளியே வரவில்லை. நான்கு நாள்களாக அவள் நொண்டி நடந்ததைத் துப்பறிவாளர்களாகிய நாங்கள் கவனிக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மட்டுமே அவள் சொன்னாள்.

தம் வழிமுறையின் இரகசியத்தை ஃபாதர் பிரௌன் ஒரு கதையில் வெளியிடுகிறார். குற்றவாளியை அவர் வெளியே தேடுவதில்லை. அந்தக் குற்றத்தைத் தாமே செய்திருக்கக் கூடும் என்று உணரும் அளவுக்குத் தம் உள்ளத்துக்குள் இறங்கிப் பார்ப்பார். தம் மனத்தின் இருளைக் கண்டு ஒருகால் அஞ்சிய செஸ்டர்டனுக்கே அப்படி எழுத முடியும். நாங்களோ எங்களைத் தவிர எல்லாரையும் சோதித்தோம்.

கன்னியர் மடத்துப் பிள்ளைகளுக்கு உலகம் தெரியாது என்று எங்களிடமும் உறவினர் சொல்வதுண்டு. இனி எங்களுக்குக் கோபம் வராது. இரவு செபத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யும்படி சிறு வயது முதல் சிஸ்டர்மார் எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். உலகத்தை அறிய அதுவே முதல் பாடம் என்பதைக் குடை பிடித்த அந்தக் குட்டைச் சுவாமியாரிடம் கற்றோம். இந்த விடுமுறையில் நாங்கள் படம் பார்க்கும்போது ஐவராக அமர்வோம். அந்தத் தோழி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கடலை மிட்டாய் எங்கள் செலவு.