குருதியின் நினைவைப் படித்த அறிஞர் தாமஸ் பிரான்சிஸ்

நோய் வந்து நீங்கிய பின்னும் அதன் சுவடு குருதியில் தங்கிவிடுகிறது. அச்சுவட்டைப் படித்தறிந்த பெருமக்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் தாமஸ் பிரான்சிஸ். அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1900ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்துக் காஸ் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்த பிரான்சிஸ், யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1925இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1918இல் கோடிக்கணக்கானோரை மாய்த்த இன்புளுயன்சாக் காய்ச்சலுக்குக் காரணமான நச்சுயிரியை 1933இல்தான் பிரிட்டன் அறிஞர்கள் மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தனர். மறு ஆண்டே போர்ட்டோ ரிக்கோவில் கிடைத்த மாதிரியிலிருந்து பிரான்சிசும் பிரித்தெடுத்தார்; 1940இல் 'பி' வகையைக் கண்டறிந்தார்.

1941இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அக்காலத்தில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பார் எளிய சோதனையொன்றை வகுத்தார். இந்நச்சுயிரி கோழியின் சிவப்பணுக்களைத் திரளச் செய்யும். எதிர்ப்பொருள் உள்ள ஊநீர் அத்திரட்சியைத் தடுக்கும். ஊநீரை இருமடங்கு இருமடங்காக நீர்க்கச் செய்து, எந்த அளவுவரை தடுக்கிறது என நோக்கினால், எதிர்ப்பொருளின் அளவு எண்ணாகக் கிட்டும்.

பிரான்சிசும் அவரிடம் பயின்ற ஜோனஸ் சால்க்கும் உருவாக்கிய தடுப்பூசி 1943இல் நற்பயன் தந்தது. ஆயினும் 1947இல் பெருஞ்சோதனை நேர்ந்தது. ஊசி பெற்ற மாணவரும் பெறாதோரைப் போலவே நோயுற்றனர். அவர்தம் குருதியில் எதிர்ப்பொருள் இருந்தது. ஆனால் அது பழைய நச்சுயிரிக்கு உரியது. வந்ததோ உருமாறிய புதியது. தோல்வியை மறையாது வெளியிட்டார் பிரான்சிஸ். அந்நேர்மையே அவர்தம் பெருமை.

பின்னர் அவரும் உடனாய்வாளரும் பல வயதினரின் குருதியை ஆய்ந்தனர். ஒவ்வொருவரும் இளமையில் முதன்முதல் சந்தித்த வகைக்கே மிகுதியான எதிர்ப்பொருளைத் தாங்கியிருக்கக் கண்டனர். விவிலியத்தின் ஆதிப்பாவக் கருத்தைத் தழுவி 1960இல் இவ்வியல்புக்குப் பெயரிட்டார். இடையே, சால்க்கின் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியை ஏறத்தாழ 18 இலட்சம் குழந்தைகளைக் கொண்டு ஆய்ந்த பெரும்பணிக்குத் தலைமை தாங்கி, 1955இல் முடிவை அறிவித்தார். 1969இல் மறைந்தார்.

2020க்குப் பின் கொரோனாக் காலத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்துகொண்டு, எண் மிகுந்திருக்கக் கண்டு அச்சம் நீங்கியோர் நம்மிடையே பலர். அவ்வெண் எந்த வகைக்கு உரியது, வரும் வகையையும் அது தடுக்குமா என வினவும் தெளிவையே பிரான்சிசின் வாழ்வு நமக்கு வழங்குகிறது. மாணவச் செல்வங்கள் அத்தெளிவையும், தவற்றை ஒப்பும் அவர்தம் நேர்மையையும் போற்றிக் கொள்வார்களாக!