லூசில் பால்

நடிப்பு வராது என்று நாடகப் பள்ளியொன்று வீட்டுக்கு அனுப்பிய கூச்ச சுபாவமுள்ள பெண் அவர்! அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுன் நகரில் 1911-ல் பிறந்து, மூன்று வயதில் தந்தையை இழந்தவர். ஹாலிவுட்டில் படங்கள் பல நடித்தும் பெரும்புகழ் கிட்டவில்லை.

தொலைக்காட்சி அழைத்தபோது, கியூபா நாட்டவரான தம் கணவர் டெசி அர்னாஸே தொடரிலும் கணவராக நடிக்க வேண்டுமென்றார். மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று நிர்வாகிகள் தயங்கினர். வாதாடவில்லை லூசில். 1950-ல் கணவருடன் ஊர் ஊராக மேடையேறி, மக்கள் வயிறு குலுங்கச் சிரிப்பதைக் காட்டினார். அப்புறம் தயக்கம் ஏது? 1951-ல் ‘ஐ லவ் லூசி’ தொடங்கியது. பார்வையாளர் முன்னிலையில் நடித்து, மூன்று காமிராக்களால் பிலிமில் பதிவு செய்தமையால் இன்றும் அதைக் கண்டு சிரிக்கிறோம்.

மணவாழ்வு முறிந்தபின், 1962-ல் கணவரின் பங்கை விலைக்கு வாங்கி, டெசிலு ஸ்டூடியோவைத் தாமே நடத்தினார். விண்வெளிக் கதையான ‘ஸ்டார் டிரெக்’ அங்கு உருவானதுதான். 1989 ஏப்ரல் 26-ல், 77-ஆம் வயதில் காலமானார்.