6174: எந்த எண்ணில் தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கும்! கண்டுபிடித்த பள்ளி ஆசிரியர் கப்ரேகர் யார்?

வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி சுற்றி வரும் எண் விளையாட்டு ஒன்று உண்டு. ஏதாவது ஒரு 4 இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1111, 7777 மாதிரி எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அந்த இலக்கங்களைப் பெரியதில் இருந்து சிறியதாக அடுக்கினால் ஓர் எண் வரும். சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கினால் இன்னோர் எண். முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழியுங்கள். வரும் விடையை வைத்து மறுபடியும் அதே வேலை.

சுதந்திரம் கிடைத்த 1947-ஐ எடுத்துப் பார்க்கலாம். 9741-ல் 1479 போனால் 8262. அடுத்து 8622-ல் 2268 போனால் 6354. பிறகு 6543-ல் 3456 போக 3087. அதன்பின் 8730-ல் 0378 போக 8352. கடைசியாக 8532-ல் 2358 போனால் 6174. இதற்கு மேல் போக முடியாது. 7641-ல் 1467-ஐக் கழித்தாலும் திரும்ப 6174 தான் வரும்.

உங்கள் மொபைல் எண்ணின் கடைசி 4 இலக்கம், பைக் நம்பர், பிறந்த வருடம் என்று எதை வைத்து வேண்டுமானாலும் செய்யலாம். அதிகபட்சம் 7 முறை கழித்தால் போதும், 6174 வந்துவிடும். (ஏடிஎம் பின் நம்பரை வைத்துச் செய்து குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.)

இந்தக் கணக்கைப் பகிரும் பல ஃபார்வர்டுகளில் கண்டுபிடித்தவர் பெயரே இருக்காது. அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் தத்தாத்ரேய ராம்சந்திர கப்ரேகர்.

கிளார்க் வீட்டுப் பிள்ளை

1905-ம் ஆண்டு ஜனவரி 17-ம் தேதி, மகாராஷ்டிராவின் கடற்கரை ஊரான டஹாணுவில் பிறந்தார் கப்ரேகர். எட்டு வயதில் அம்மாவை இழந்தார். வளர்த்தது அப்பாதான். கிளார்க் வேலை பார்த்த அப்பாவுக்கு ஜோதிடத்தில் பெரிய ஈடுபாடு. ஜோதிடம் என்றால் கூட்டல், கழித்தல், மீதி என்று ஒரே கணக்குதானே. அந்தக் கணக்குகளைப் பையனுக்கும் சொல்லிக்கொடுத்தார். பையன் ஜோதிடத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் பிடித்துக்கொண்டான்.

தாணேயில் பள்ளிப் படிப்பு, பிறகு புனே ஃபெர்குசன் கல்லூரி. 1927-ல் அங்கே மாணவர்களின் சொந்தக் கணித ஆய்வுக்காகத் தரப்படும் ராங்ளர் பராஞ்ச்பே பரிசு இவருக்குக் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதலிடம் பிடித்த முதல் இந்தியரின் பெயரில் அமைந்த பரிசு அது. 1929-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. முடித்தார்.

படிப்பு அத்தோடு சரி. எம்.எஸ்சி. இல்லை, டாக்டர் பட்டம் இல்லை. 1930-ல் நாசிக் பக்கத்தில் உள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தவர், 1962-ல் ஓய்வு பெறும் வரை 32 வருஷம் அங்கேயே பாடம் நடத்தினார்.

தேவ்லாலி ராணுவ முகாம் உள்ள ஊர். பிரிட்டிஷ் காலத்தில் தாயகம் திரும்ப வேண்டிய சிப்பாய்கள் கப்பலுக்காக இங்கே மாதக் கணக்கில் காத்துக் கிடப்பார்கள். வெயிலும் வெறுமையும் சேர்ந்து சிலருக்குப் புத்தி பேதலித்துப் போனதால், ‘டூலாலி’ என்றால் கிறுக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லே உருவாகிவிட்டது. அந்த ஊரில் உட்கார்ந்து, வாழ்நாள் முழுக்க எண்களைத் திருப்பிப் போட்டும் வெட்டியும் கூட்டியும் விளையாடியவர் இந்த ஆசிரியர்.

ரயில் நிலையத்தில் கிடைத்த எண்கள்

இவருக்குக் கணக்கு தோன்ற மேஜை நாற்காலி தேவைப்படவில்லை. பம்பாயில் இருந்து சுமார் 30 மைல் தூரத்தில் டெம்லோ என்ற ரயில் நிலையம். அங்கே தோன்றிய யோசனை என்பதால், தான் கண்ட ஒரு வகை எண்களுக்கு டெம்லோ எண்கள் என்றே பெயர் வைத்துவிட்டார். 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121. 111-ஐ 111-ஆல் பெருக்கினால் 12321. இப்படியே ஒன்பது 1-கள் வரை போனால் 12345678987654321 என்று வரும். கால்குலேட்டரில் அடித்துப் பார்த்து ஆச்சரியப்படுகிறோமே, அதே வரிசைதான்.

இன்னொரு வகைக்கு இவருடைய பெயரே நிலைத்துவிட்டது. 45-ஐ 45-ஆல் பெருக்கினால் 2025. அதை நடுவில் வெட்டிக் கூட்டினால் 20-ம் 25-ம் சேர்ந்து மறுபடி 45. 297-ன் வர்க்கம் 88209, 88-ம் 209-ம் சேர்ந்தால் 297. 703-ன் வர்க்கம் 494209, 494-ம் 209-ம் சேர்ந்தால் 703. இவைதான் கப்ரேகர் எண்கள். 2025 புத்தாண்டு பிறந்தபோது இந்த 45 கணக்கை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

எந்த எண்ணை அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியில்லாமல் வகுக்க முடிகிறதோ, அதற்கு ஹர்ஷத் எண் என்று பெயர் வைத்தார். சமஸ்கிருதத்தில் மகிழ்ச்சி தருவது என்று அர்த்தம். நம்ம ராமானுஜன் எண் 1729-ஐ எடுங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 19. 1729-ஐ 19-ஆல் வகுத்தால் சரியாக 91. 19-ஐத் திருப்பிப் போட்டாலும் 91 தான். மகிழ்ச்சி என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

சென்னையில் அறிவித்தார்

6174-ன் குணத்தை கப்ரேகர் கண்டுபிடித்தது 1946-ல். கம்ப்யூட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது, பேப்பரும் பென்சிலும்தான். அதை அவர் கணித உலகத்துக்கு அறிவித்த இடம் நம்ம சென்னை. 1949-ல் அன்றைய மதராஸில் நடந்த கணித மாநாட்டில்தான் 6174 மேடை ஏறியது. 1950-களில் நியூயார்க்கில் இருந்து வெளிவந்த ஸ்கிரிப்டா மேத்தமேட்டிகா என்ற இதழில் இதைப் பற்றி எழுதினார்.

சரி, இது எப்படி நடக்கிறது? மந்திரம் ஒன்றும் இல்லை. முதல் தடவை கழிக்கும்போது கிடைக்கும் விடை, உங்கள் எண்ணில் உள்ள நான்கு இலக்கங்களையும் தனித்தனியாகச் சார்ந்தது இல்லை. பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம், நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம், இந்த இரண்டை மட்டும்தான் அது சார்ந்தது. முதல் வித்தியாசத்தை 999-ஆலும் இரண்டாவதை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் விடை ரெடி. அதனால் 0000 முதல் 9999 வரை உள்ள 10,000 எண்களில், ஒரே இலக்கம் திரும்பி வரும் 10 போக, மீதி 9,990 எண்களும் ஒரே கழித்தலில் வெறும் 54 விடைகளுக்குள் சுருங்கிவிடுகின்றன. அந்த 54-ம் வேறு வேறு பாதையில் ஓடி 6174-ல் போய் விழுகின்றன.

3 இலக்க எண்களில் இதே விளையாட்டை ஆடினால் 495-ல் முடியும். 2 இலக்கத்திலும் 5 இலக்கத்திலும் எந்த எண்ணும் அப்படி நிற்பதில்லை, ஒரு வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். 3 இலக்கத்துக்கும் 4 இலக்கத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் ஏன் என்று கேட்டால், கணக்கு அப்படித்தான் அமைந்திருக்கிறது என்பதைத் தவிர அழகான காரணம் எதுவும் கிடையாது.

பெரியவர்கள் ஏன் கண்டுகொள்ளவில்லை?

இங்கேதான் கப்ரேகரின் சிக்கல். இந்தியக் கணித அறிஞர்கள் பலர் இவரது வேலையை ஆரம்பத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் ஆடும் விளையாட்டு, ஆழம் இல்லாதது என்று ஒதுக்கினார்கள். பெரிய ஆய்விதழ்களில் இடம் கிடைப்பது அரிது. சின்ன இதழ்களில் எழுதினார். மற்றதைத் தானே சிறு பிரசுரங்களாக அச்சடித்து வெளியிட்டார்.

அந்த ஒதுக்கலுக்கு ஒரு நியாயமும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. நமக்குப் பத்து விரல், அதனால் பத்து பத்தாக எண்ணுகிறோம். எட்டு விரல் இருந்து எட்டு எட்டாக எண்ணியிருந்தால் 6174-க்கு இந்த மகிமையே இருக்காது. எண்ணின் குணம் வேறு, அதை எழுதும் முறையின் குணம் வேறு என்பது அவர்கள் வாதம்.

ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டியும் இதே கட்சிதான். 1940-ல் வெளியான தன் புத்தகத்தில் 8712, 9801 என்ற இரண்டு எண்களை உதாரணம் காட்டினார். 2178-ஐ 4-ஆல் பெருக்கினால் 8712, அதாவது தலைகீழ். 1089-ஐ 9-ஆல் பெருக்கினால் 9801, அதுவும் தலைகீழ். பத்திரிகைப் புதிர்ப் பகுதிக்கு சரி, கணிதக்காரனுக்கு இதில் ஒன்றும் இல்லை என்பது ஹார்டியின் முடிவு. ஆனால் அந்த 9801-ஐ வெட்டிக் கூட்டிப் பாருங்கள். 98-ம் 01-ம் சேர்ந்தால் 99. 99-ன் வர்க்கம் 9801. ஹார்டி தள்ளிவைத்த எண்ணே கப்ரேகரின் சேகரிப்பில் உட்கார்ந்திருக்கிறது! டாக்ஸி நம்பர் 1729-ஐ சுவாரஸ்யம் இல்லாத எண் என்று சொல்லி ராமானுஜனிடம் மாட்டிக்கொண்டவரும் இதே ஹார்டிதான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தாய் இல்லாத எண்கள்

ஓய்வு பெற்ற மறு வருடமே, 1963-ல், கப்ரேகர் தேவ்லாலியில் இருந்து சொந்தமாக ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது சுய எண்களைப் பற்றியது. தமிழில் சுயம்பு எண்கள் என்றே சொல்லலாம்.

ஓர் எண்ணுடன் அதன் இலக்கங்களைக் கூட்டினால் இன்னோர் எண் பிறக்கும். 21-உடன் 2-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 24. 24-ல் இருந்து 30, அதில் இருந்து 33, அதில் இருந்து 39. இப்படி ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தாய் எண் இருக்கிறது. 101 போன்ற சில எண்களுக்கு இரண்டு தாய்கூட உண்டு, 91-ம் 100-ம். ஆனால் 20-க்குத் தாயே கிடையாது. எந்த எண்ணில் தொடங்கினாலும் 20 பிறக்காது. 31, 42, 53, 64 எல்லாம் இதே ரகம். 100-க்குள் இப்படி 13 எண்கள்தான்.

இவற்றுக்கு தேவ்லாலி எண்கள் என்றும் ஒரு பெயர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், 1970-களில் கொலம்பியாவைச் சேர்ந்த ஒருவர் இதே எண்களைப் பற்றி அமெரிக்க இதழ் ஒன்றில் கேள்வி எழுப்பினார். அதனால் கொலம்பிய எண்கள் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

70 வயதில் வந்த வெளிச்சம்

1966-ல் மனைவி காலமானார். கையில் வந்த பென்ஷன் வாழ்க்கைக்குப் போதவில்லை. 32 வருஷம் பாடம் நடத்தியவர், வயதான காலத்திலும் கணக்கு, அறிவியல் டியூஷன் எடுத்துப் பிழைக்க வேண்டி இருந்தது. எண் ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை.

1975 மார்ச்சில் நிலைமை மாறியது. அமெரிக்காவின் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் கணித விளையாட்டுப் பகுதி எழுதி வந்த மார்ட்டின் கார்ட்னர், கப்ரேகரையும் அவர் எண்களையும் பற்றி எழுதினார். உலகம் முழுக்க படிக்கப்பட்ட பகுதி அது. அப்போது கப்ரேகருக்கு வயது 70. இதில் ஒரு பொருத்தம் என்னவென்றால், கார்ட்னரும் கணிதத்தில் உயர் பட்டம் வாங்கியவர் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது தத்துவம். கணிதத்தில் உயர் பட்டம் இல்லாத ஒருவரை அதே மாதிரியான இன்னொருவர்தான் கண்டுகொண்டார்.

அதன்பிறகு பல நாட்டுக் கணித ஆர்வலர்கள் இந்த எண்களைத் தோண்டத் தொடங்கினார்கள். 1986-ல், 81-வது வயதில், தேவ்லாலியிலேயே கப்ரேகர் இறந்தார்.

இன்று கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் ஹர்ஷத் எண்ணையும் கப்ரேகர் எண்ணையும் கண்டுபிடிக்க புரோகிராம் எழுதச் சொல்கிறார்கள். 2024-ல் வந்த மத்திய பாடத்திட்டத்தின் 6-ம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 6174-க்கு ஒரு பகுதியே இருக்கிறது, கப்ரேகர் பெயரோடு. அவர் 32 வருஷம் நின்றது மாதிரியான ஒரு வகுப்பறையில், ஏதோ ஒரு பிள்ளை இன்றைக்கும் அந்தக் கழித்தலைப் போட்டுக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒரு தகவல். வருடங்களிலும் சுயம்பு உண்டு. 2022 அப்படி ஒரு வருடம். அடுத்தது 2033-ல்தான் வரும்.