பசியறிந்த புனிதவதியார்

கடல் வணிகத்தால் செல்வம் பெருகிய காரைக்காலில், வணிகர் தலைவராகிய தனதத்தனாரின் மகளாகத் தோன்றியவர் புனிதவதியார். காரைக்கால் அம்மையார் என உலகம் போற்றும் அவர் கி.பி. 6-ஆம் நூற்றாண்டினர் என்பது அறிஞர் பலரின் துணிபு. அவர் வரலாற்றைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்துள் விரித்துப் பாடினார்.

நாகப்பட்டினத்து வணிகர் நிதிபதியின் மகன் பரமதத்தன் அவரை மணந்து, காரைக்காலிலேயே தங்கி வணிகம் நடத்தினான். ஒருநாள், தனக்குக் கிடைத்த மாங்கனிகள் இரண்டை இல்லத்திற்கு அனுப்பிவைத்தான். அவ்வேளையில் சிவனடியார் ஒருவர், முதுமையாலும் பசியாலும் தளர்ந்து வாயிலில் வந்து நின்றார். சோறு வெந்திருந்தது, கறியமுது ஆகவில்லை. சற்றுப் பொறுக்கச் சொல்வதில் பிழையில்லை. ஆயினும் அவரது தளர்ச்சியைக் கண்ட அம்மையார் காலம் தாழ்த்தாது, சோற்றுடன் கனி ஒன்றையும் படைத்தார்.

நண்பகலில் உண்ண வந்த கணவன், எஞ்சிய கனியின் சுவையில் மகிழ்ந்து மற்றதையும் கேட்டான். அம்மையார் இறைவனை நினைந்து உருக, கையில் ஒரு கனி வந்தது என்கிறது புராணம். அதன் சுவை வேறாயிருப்பதை உணர்ந்த கணவன் வினவியபோது, அவர் நிகழ்ந்ததை மறைக்கவில்லை. நம்பாத அவன் இன்னொரு கனி வேண்ட, வந்த கனி அவன் கையில் பட்டதும் மறைந்தது. அஞ்சிய பரமதத்தன் அவரைத் தெய்வமெனக் கருதி விலகினான். வணிகத்தின்பொருட்டு மரக்கலம் ஏறிச் சென்றவன் பாண்டிநாட்டில் வேறு மணம் புரிந்தான். பிறந்த மகளுக்குப் புனிதவதி எனப் பெயரிட்டான். சுற்றத்தார் அம்மையாரை அங்கு அழைத்துச் சென்றபோது, மனைவி மகளோடு அவரடி வணங்கினான். கணவனுக்கெனத் தாங்கிய வனப்பு இனி வேண்டாவென உதறி, அம்மையார் பேயுருக் கொண்டார். அற்புதத் திருவந்தாதி முதலியவற்றைப் பாடினார்.

அவர் கொடுத்தது ஒரு கனி, இழந்தது இல்வாழ்க்கை. கொடுத்ததற்காக அவர் வருந்தியதாகப் புராணத்தில் ஓரிடத்தும் இல்லை.

சைவமும் சமணமும் கொள்கையால் வேறானவை. தமிழகத்தில் கடுமையாக வாதிட்ட காலமும் உண்டு. எனினும் ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்த சமண அறத்திற்கு அம்மையாரின் செயல் அயலானதன்று. நெடுநாள் உணவின்றி நடந்த ஆதிநாதருக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கரும்புச்சாறு அளித்த நாளே அட்சய திருதியையாகப் போற்றப்படுகிறது. அங்குக் கரும்புச்சாறு, இங்கு மாங்கனி. இருவரும் கையில் இருந்ததை, வேண்டிய பொழுதில் தந்தனர்.

ஆண்டுதோறும் ஆனித் திங்களில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நிகழ்கிறது. இறைவன் பிச்சாடனராக உலா வருகையில் மக்கள் மாடிகளிலிருந்து கனிகளை வாரி இறைக்கின்றனர். இத்தனை பெரிய விழாவிற்கு வித்து, ஒரு முதியவருக்குத் தக்க வேளையில் இட்ட சோறே. அதிதி சம்விபாகம் இல்லறத்தார் ஏற்கும் விரதங்களுள் ஒன்று. தாம் உண்ணுமுன் வாயிலில் நின்று அதிதியை எதிர்நோக்கும் சிராவகர் இல்லங்களுக்குப் புனிதவதியாரின் வாயில் நன்கு அறிந்த வாயிலேயாகும்.