தொழிலறங் காத்த சிதம்பரனார்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் நிகழ்ந்த நாட்களில், கல்லின்மேற் காலூன்றி ஆழத்திலிறங்கும் தொழிலாளியின் உயிர், தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் கையில் இருந்தது. கீழேயுள்ளவன் கயிற்றை அசைத்தவுடன் மேலேயுள்ளவன் இழுத்தல் வேண்டும். கணநேரம் கருத்துப் பிசகின் உயிர்க்கே இறுதியாம். ஆதலின் மூழ்குவோன் தன் நம்பிக்கைக்குரியவனிடத்தன்றிப் பிறனிடத்துக் கயிற்றைக் கொடான். அத்தொழில் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் ஓய்ந்துபோயிற்று. ஆயினும் அக்கயிறு கற்பித்த பாடம் ஓய்ந்திலது. எத்தொழிலிலும் ஆழத்திலிறங்கி உழைப்பார் பலர். மேலே நின்று கயிறு பிடிப்பார் சிலர். அச்சிலருடைய நேர்மையே அத்தொழிலிடத்தின் அறமாம்.

இக்காலத்துப் பெருந்தொழிற்சாலைகளிலே நன்னடத்தை விதிகள் அச்சிடப்பெற்றுச் சுவரில் தொங்குகின்றன; தலைமைப் பண்பு, தொழில் ஒழுக்கம் என்பன பற்றி வகுப்புக்கள் நடைபெறுகின்றன. இவை வேண்டற்பாலனவே. ஆனால் விதியைப் படிக்கும் தொழிலாளி அதனோடு நில்லாது, விதி வகுத்தோன் முகத்தையும் உற்று நோக்குகின்றான். நட்டம் வருங்கால் அதனை முதலில் ஏற்போன் யாவன் என்பதே அவன் உள்ளத்தெழும் வினா. அவ்வினாவுக்குத் தம் வாழ்நாளால் விடையளித்த ஒரு பெரியார் இக்கடற்கரையில் வாழ்ந்தனர். அவரே வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவரைக் கப்பலோட்டிய வீரராக யாவரும் அறிவர். தொழிலறங் காத்த தலைவராக அவரை ஈண்டு நோக்குவோம்.

பிறப்பும் இளமையும்

சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தனர். திருச்சியிற் சட்டம் பயின்று, 1895-இல் தம் ஊரிலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினர். தந்தையாரும் அத்தொழிலினரே. ஏழைகளின் வழக்குகளைப் பொருள் கருதாது நடத்தினமையால் எளியோர் அன்பையும் அதிகாரிகள் பகையையும் ஒருங்கே ஈட்டினர். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடியேறினர். அங்கே துறைமுகத்தின் வாணிக நிலையை நேரிற் கண்டனர். கொழும்புக்குச் செல்லும் சரக்கும் ஆளும் அந்நியர் கப்பலையே நம்பியிருந்தமையும், நம் வணிகர் அவர் கூறிய கூலிக்கே தலையசைக்க வேண்டியிருந்தமையும் அவர் நெஞ்சை உறுத்தின.

கப்பற் கம்பெனி

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச்சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராயினர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருந்தகையார் 8,000 பங்குகளை ஏற்றனர். சிதம்பரனார் தாம் முதன்மைப் பதவியை விரும்பாது உதவிச் செயலாளராக அமைந்து, உழைப்பு முழுவதையும் தம்மேற் போட்டுக்கொண்டனர். இலாபம் ஒன்றே அக்கம்பெனியின் நோக்கமன்று. நம் நாட்டார்க்கும் ஆசியா கண்டத்தார்க்கும் கப்பலோட்டும் தொழிலைப் பயிற்றுதலும் அதன் குறிக்கோள்களுள் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. பிறர் கைத்திறனை வளர்த்தலும் முதலாளியின் கடமை என்பதை அவர் அக்காலத்தேயே உணர்ந்திருந்தனர்.

முதலில் பம்பாயிலுள்ள ஒரு கம்பெனியிடம் கப்பல் வாடகைக்குப் பெற்றனர். எதிராளிகளின் நெருக்குதலால் அஃது இடையிலே நின்றுபோயிற்று. சொந்தக் கப்பல் வாங்கும்பொருட்டுச் சிதம்பரனார் பம்பாய் சென்றபொழுது, வீட்டில் மூத்த மகன் நோயுற்றிருக்க, மனைவியார் கருவுற்றிருந்தனர் என்பர். கப்பலோடன்றித் திரும்புவதில்லை என்னும் உறுதியோடு சென்றவர், 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைத் தூத்துக்குடித் துறைக்கு வருவித்தனர். எதிர்க்கம்பெனியார் கொழும்புக் கட்டணத்தை மேன்மேலும் குறைத்தனர். இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் பரிசளிக்க முன்வந்தனர் என்றும் கூறுவர். சிதம்பரனாருக்குப் பெருந்தொகை கொடுத்து அவரை விலக்க முயன்றதாகவும் செய்தி வழங்குகின்றது. அவர் விலகினாரில்லை. பங்கு வாங்கியோர் பலரும் தம் பெயரை நம்பிப் பணந் தந்தவர் என்பதை அவர் ஒருநாளும் மறந்திலர்.

ஆலைத் தொழிலாளர்

இனி, அவர் வாழ்வின் மணிமுடியாக நாம் கருதும் நிகழ்ச்சிக்கு வருவோம். தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியாரின் கோரல் நூற்பாலை நடைபெற்றுவந்தது. விடியல் முதல் இருட்டும்வரை வேலை. கூலியோ அரைவயிற்றுக்கும் போதாது. வார ஓய்வென்பது இல்லை. சிறுவரும் அவ்வுழைப்பிற்குத் தப்பினாரில்லை. அத்தொழிலாளர்க்குச் சிதம்பரனார் முதலாளியுமல்லர், உறவினருமல்லர். எனினும் அவர்தம் குறை கேட்டு, சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து அவர்களுக்கு உரிமையுணர்வு ஊட்டினர். 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுமுறை வசதி என்பனவே அவர் கேட்டவை.

வேலையை நிறுத்துக எனக் கூறுதல் எளிது. நிறுத்தியவன் வீட்டில் அடுப்பெரியச் செய்தல் அரிது. சிதம்பரனார் பின்னதையே முதற்கடமையாகக் கொண்டனர். நகரத்தாரிடம் பொருள் திரட்டினர், கைப்பொருளையுங் கொடுத்தனர், பலருக்கு வேறு வேலை தேடித்தந்தனர். ஊரே தொழிலாளர் பக்கம் நின்றது. தொழிலாளரைப் பழித்துப் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் பாதிச் சவரத்தோடு எழுந்து சென்றனர் எனவும், எஞ்சிய பாதியை முடிக்க அவ்வூரில் வேறு எவரும் முன்வந்திலர் எனவும் ஒரு கதை இன்றும் வழங்குகின்றது. நகைப்பிற்கிடமான இக்கதையுள்ளே ஓர் உண்மை உண்டு. ஒரு தொழிலிடத்தின் அநீதி அதன் மதிற்சுவரோடு நிற்பதன்று; ஊர் முழுவதையும் தீண்டுவதாம்.

ஒன்பது நாட்களில் ஆலைத்தலைவர் இறங்கிவந்தனர். கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு ஓய்வுநாளாயிற்று. மார்ச்சு முதல்வாரம் முடியுமுன்னரே தொழிலாளர் வெற்றியோடு ஆலை புகுந்தனர். வங்கத்திலிருந்து அரவிந்தர் தம் பத்திரிகையில் இதனைப் பாராட்டி எழுதினர். சென்னைத் தொழிற்சங்கம் தோன்றியது 1918-இல். ஆலைத் தொழிலுக்கு வார ஓய்வு வேண்டுமென அனைத்துலகத் தொழில் மன்றம் உடன்படிக்கை வகுத்தது 1921-இல். அவற்றுக்கெல்லாம் முன்னரே முத்துக்கரையில் இவ்வறம் நிலைநாட்டப்பெற்றது என்பதை எண்ணி நாம் மகிழ்தல் தகும்.

சிறையும் நட்டமும்

அவ்வெற்றிக்கு விலை விரைவிற் கேட்கப்பட்டது. மார்ச்சு 12-ஆம் நாள் திருநெல்வேலியில் அவர் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அண்மையில் கூலி உயர்வு பெற்ற ஆலைத் தொழிலாளர், இம்முறை தமக்கென ஒன்றுங் கேளாது, அவர்பொருட்டு மீண்டும் வேலையை நிறுத்தினர். தலைவன் தொழிலாளர்க்குச் செய்ததைத் தொழிலாளர் தலைவனுக்குத் திருப்பிச் செய்தனர். பின்ஹே என்னும் நீதிபதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தனர். உயர்நீதிமன்றம் அதனை ஆறாண்டாகக் குறைத்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்று சென்னைக் கிண்டியிற் காட்சிக்குள்ளது.

ஈண்டு ஒன்றை மறையாது கூறுதல் நம் கடமை. அவர் சிறைபுக்க பின்னர்க் கம்பெனி தளர்ந்தது, 1911-இற் கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எதிர்க்கம்பெனிக்கே விற்கப்பட்டது. அரசாங்கத்தின் பகையும், எதிராளியின் செல்வவலியும் இதற்குப் பெருங்காரணங்கள். எனினும், கம்பெனியின் உயிர்ப்பெல்லாம் ஒருவர் தோளிலேயே தங்கியிருந்தமையும் ஒரு காரணமன்றோ? தனியொருவரது நேர்மை விளக்கைப் போன்றது. அதிலிருந்து பல விளக்குக்கள் ஏற்றப்படாவிடின், ஒரு காற்றில் இருள் சூழ்ந்துவிடும். நல்ல தலைவரைப் பெற்ற தொழிலிடம், அவர் இல்லாத நாளிலும் அவர் நெறியில் நடக்கத் தன்னைப் பயிற்றிக்கொள்ளல் வேண்டும்.

பிற்கால வாழ்வு

1912-ஆம் ஆண்டின் இறுதியிற் சிறையினின்று வெளிவந்தவருக்குக் கப்பலுமில்லை; வக்கீல் தொழிலுக்கு உரிமையுமில்லை. சென்னையில் மண்ணெண்ணெய்க் கடை வைத்தும் அவர் வறுமை தீர்ந்திலது. பின்னர் வாலேஸ் என்னும் நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமை மீண்டது. அந்நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டனர். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்தவர், ஆங்கிலேயர் ஒருவரின் நன்மையைத் தம் இல்லத்திலேயே நிலைநிறுத்தினர். பகைமையிலும் நடுவுநிலை தவறாமையே அறத்தின் உரைகல் என்க.

வறுமையிலும் அவர் எழுதுகோல் ஓய்ந்திலது. சிறையிற் கைதிகட்கு நன்னெறி கற்பித்தவர் மெய்யறிவு, மெய்யறம் என்னும் நூல்களை இயற்றினர். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் ஒழுக்க நூல்கள் சிலவற்றைத் தமிழாக்கினர். திருக்குறளைப் பின்பற்றி 125 அதிகாரங்களாக அமைந்த மெய்யறத்தில் முதற்பகுதி மாணவரியலாம். அரசியலும் இல்வாழ்வும் பின்னரே வருகின்றன. தொழிலிற் புகுந்தபின் ஒழுக்கங் கற்றல் வெள்ளம் வந்தபின் அணை கோலுதல் போலும் என்பதை அவர் பட்டறிந்து உணர்ந்தனர் போலும்.

1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியிலேயே அவர் உயிர் நீத்தனர். 2011-இல் அத்துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. ஒருகாலத்தில் அவர் கப்பலைத் துரத்திய துறை இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

மாணவ நண்பர்காள்! நம்மிற் சிலர் நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பிறரை நடத்தும் நிலைக்கு உயர்வோம். அன்று நம் கையிலும் ஒரு கயிறு தரப்படும். அதன் மறுமுனையில் நாம் காணாத ஆழத்தில் ஒருவர் மூச்சடக்கி உழைத்துக்கொண்டிருப்பர். கயிறு அசையுங்கால் நாம் விழித்திருப்போமா? அவ்விழிப்பை இன்றே பழகிக்கொள்ளுதலே சிதம்பரனார்க்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கமாகும்.